கரண்ட் போனாலும் லினக்ஸ் இறங்கும்
லினக்ஸ் மின்ட், உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளங்களில் எதை இறக்கினாலும் நேரடி இணைப்பை விட்டுவிட்டு, அதே தளத்தில் உள்ள டொரன்ட் (பலருடைய கணினிகளிலிருந்து கோப்பைப் பகிர்ந்து வாங்கும் முறை) இணைப்பை எடுங்கள். ஐப்பசி மழையில் மன்னார்குடிப் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பிரவுசரில் பெரிய கோப்பு பாதியில் நின்றால் பல நேரம் முதலிலிருந்துதான். டொரன்ட் கோப்பைத் துண்டு துண்டாக வாங்கி, ஒவ்வொன்றையும் சரிபார்த்து வைப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பழுதான துண்டை மட்டும் மறுபடி வாங்கும். டொரன்ட் என்றாலே திருட்டுப் படம்தான் என்று நினைக்க வேண்டாம், இது அந்த இயங்குதளங்களை உருவாக்குபவர்களே தரும் வழி. மின்ட்டில் டொரன்ட் இறக்கும் செயலியான டிரான்ஸ்மிஷன் ஏற்கெனவே இருக்கிறது. தினசரி டேட்டா வரம்புள்ள மொபைல் ஹாட்ஸ்பாட்டில் மட்டும் வேண்டாம். இறங்கும்போதே பதிவேற்றமும் நடந்து டேட்டா கரைந்துவிடும். டொரன்ட்டைத் தடுத்திருக்கும் கல்லூரி வைஃபையிலும் நடக்காது.