பாலிதானா போகிறவர்கள் முதலில் நாள்காட்டியைப் பாருங்கள்

குஜராத்தில் பாவ்நகரிலிருந்து 50 கிலோமீட்டர் போல தள்ளி இருக்கிறது பாலிதானா. அங்குள்ள சத்ருஞ்ஜய மலை சுவேதாம்பர (வெள்ளாடைத் துறவிகளைப் பின்பற்றும் பிரிவு) சமணர்களின் பெரிய யாத்திரைத் தலம். மழைக்கால நான்கு மாதங்களில் யாத்திரை கிடையாது. புழு பூச்சிகள் பெருகும் காலத்தில் அவை காலடியில் மிதிபடக் கூடாது என்பதுதான் காரணம். கார்த்திக் பூர்ணிமா அன்று மலை திறக்கும்போது கூட்டம் அலைமோதும்.

இங்கேதான் நம் ஊர்க்காரர்களுக்குக் குழப்பம் வரும். அது எப்போதும் நம் திருக்கார்த்திகை நாளில் வராது. பல ஆண்டுகளில் நம் ஐப்பசிப் பௌர்ணமியிலேயே வந்துவிடும். 2025-இல் கார்த்திக் பூர்ணிமா நவம்பர் 5, நம் தீபம் டிசம்பர் 3. அப்படிப்பட்ட ஆண்டில் தீபத்தை நம்பி டிக்கெட் போட்டால் விழா முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். நிம்மதியாக மலைமேல் உள்ள கோயில்களைப் பார்க்க நினைப்பவர்களுக்கு அதுவும் நல்லதுதான்!

ஏறக்குறைய 3,500 படிகள். விடியற்காலையிலேயே ஏறத் தொடங்குங்கள். வெயில் ஏறினால் வெறுங்காலுக்குக் கல் சுடும். மலையில் சாப்பிடக் கூடாது என்பதால் பையில் முறுக்கு, பிஸ்கட் எதுவும் வேண்டாம். தோல் பெல்ட், பர்ஸ், தோல் வார் போட்ட கைக்கடிகாரம் எல்லாவற்றையும் அறையிலேயே வைத்துவிடுங்கள். முட்டி வலி உள்ள பெரியவர்களுக்கு அடிவாரத்தில் டோலி கிடைக்கும், ஆனால் கூலியை முன்னமே பேசிவிடுங்கள். அப்புறம், இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும். இரவில் அங்கே பூசாரிகள்கூடத் தங்குவதில்லை.