ரீஃப் டேங்கில் கேஎச்: கை சும்மா இருக்காமல் செய்யும் தவறுகள்

ரீஃப் டேங்கில், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில், என் முதல் அக்ரோபோரா (கிளைவிடும் ஒரு பவளம்) செத்தது அலட்சியத்தால் இல்லை, அக்கறை மிஞ்சிப்போனதால். ஒரு ஞாயிறு இரவு கேஎச் (தண்ணீரில் உள்ள கார்பனேட்டின் அளவு) 6.5 காட்டியது. 8, 9 இருக்கவேண்டுமே என்று பதறி, கேஎச்சை ஏற்றும் பஃபர் பொடியைக் கரைத்து மொத்தமாக ஊற்றி, 9.5 வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். புதன்கிழமைக்குள் கிளைநுனியெல்லாம் வெளுத்து, அடியிலிருந்து சதை நூல் நூலாக உரிந்து, வடிகட்டும் துணைத் தொட்டியான சம்ப்புக்குள் போய்க்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் கடலிலேயே கேஎச் 7-ஐ ஒட்டித்தான். நீங்கள் 7-இல் வைத்தாலும் சரி, 9-இல் வைத்தாலும் சரி, பவளம் வளரும். நேற்று 7, இன்று 9 என்றால்தான் அதற்குத் தாங்காது. ஏற்றியே ஆகவேண்டும் என்றால் ஒரு நாளைக்கு 1-க்கு மேல் போகாதீர்கள், நான் 0.5-ஐத் தாண்டுவதே இல்லை.

அதைவிட முக்கியம், ஒரே ஒரு டெஸ்ட்டை நம்பி எதையும் ஊற்றக்கூடாது. சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருந்தாலே கணக்கு தப்பும், கிட் பழையதாக இருந்தாலும் தப்பும். எண் திடீரென்று மாறியிருந்தால் மறுபடி ஒருமுறை பாருங்கள், முடிந்தால் வேறு கிட்டில். தினமும் ஒரே நேரத்தில் அளப்பதும் அவசியம்.

சரி, எவ்வளவு ஊற்றுவது? பாட்டிலில் போட்டிருக்கும் அளவு உங்கள் தொட்டிக்காக எழுதியது இல்லை. இரண்டு நாள் எதுவும் ஊற்றாமல் விட்டு கேஎச் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 200 லிட்டர் தண்ணீரில் தினம் 0.5 இறங்கினால், அதை ஈடுகட்ட சுமார் 3 கிராம் ஆப்பச் சோடா போதும் (பேக்கிங் பவுடர் இல்லை, அது வேறு). அதே நேரத்தில் பவளம் எடுத்துக்கொள்ளும் கால்சியம் 4 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) கூட இருக்காது. அதனால்தான் கேஎச் தடுமாறும்போதும் கால்சியம் 420-இல் அசையாமல் நிற்கிறது, அதைப் பார்த்து எல்லாம் நன்றாக இருப்பதாக ஏமாந்துபோகிறோம். கால்சியத்தையும் கேஎச்சையும் ஒரே இடத்தில், அடுத்தடுத்து ஊற்றுகிறவர்களும் உண்டு. இரண்டும் அங்கேயே சேர்ந்து வெள்ளைப் பொடியாகி ஹீட்டரிலும் பம்ப்பிலும் படியும். மக்னீசியம் 1200-க்குக் கீழே போயிருந்தால் இது இன்னும் சுலபமாக நடக்கும்.

அப்புறம் உப்பு. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதே 200 லிட்டரில் தினம் 4 லிட்டர் வற்றுகிறது என்று வையுங்கள், மூன்று நாள் ஊருக்குப் போய் வந்தால் ஆயிரத்துக்கு 35-இல் இருந்த உப்பு 37-ஐத் தாண்டியிருக்கும். பார்த்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் அது இன்னொரு அடி. ஏடிஓ (வற்றிய தண்ணீரைத் தானாக நிரப்பும் கருவி) வாங்க யோசிக்காதீர்கள், நான் சொல்கிற செலவுகளில் கட்டாயமானது அது ஒன்றுதான். உள்ளே ஊற்றுவதும் டிடிஎஸ் (கரைந்திருக்கும் பொருள்களின் அளவு) 0 காட்டும் தண்ணீராக இருக்கட்டும். குடிக்கிற ஆர்ஓவில் சுவைக்காகத் தாது சேர்க்கிறார்கள், இங்கே சிங்கப்பூர்க் குழாயில் கிருமிநாசினியான குளோரமின் இருக்கிறது. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீர் வைத்து 0-க்குச் சரிசெய்தால் போதாது, 35-க்கான கரைசல் கிடைக்கிறது, அதை வைத்துப் பாருங்கள்.

தண்ணீர் மாற்றும்போதும் கேஎச் குதிக்கும். கடல்நீர் தயாரிக்க விற்கும் சில உப்புகளைக் கரைத்தால் கேஎச் 11, 12 வரும். உங்கள் தொட்டி 8 என்றால், 12 உள்ள தண்ணீரைப் பாதிக்குப் பாதி மாற்றிய நொடியில் 10 ஆகிவிடும். கரைத்த தண்ணீரையும் அளந்து பாருங்கள், 10 சதவீதமாக மாற்றுங்கள்.

கடைசியாக பிஎச். இது விடியற்காலையில் இறங்கும், மாலையில் ஏறும், அது இயல்பு. காலையில் 7.9 பார்த்துப் பயந்து பிஎச் ஏற்றும் பொடியைப் போட்டால் பிஎச் சற்று நேரத்தில் பழையபடி இறங்கிவிடும், ஏறி நிற்பது கேஎச்தான். பல வீடுகளில் உண்மைக் காரணம் ஏசிக்காக மூடிய அறையில் சேர்ந்த கரியமில வாயு. நானும் இரண்டு பாட்டில் காலிசெய்த பிறகுதான் ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்துப் பார்த்தேன். மறுநாள் காலை 8.1.