எலியின் சினைப்பையும் ஈஸ்ட்ரோஜனும்: ஆய்வில் சறுக்கும் இடங்கள்

"ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டால் சினைப்பை வளருமா, சுருங்குமா?" கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் புராஜெக்ட் செய்ய வரும் விலங்கியல் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். எலிக்குப் பிட்யூட்டரி, அதாவது மூளையடியில் இருந்து சினைப்பையை இயக்கும் சுரப்பி, இருக்கிறதா, அகற்றியாகிவிட்டதா என்று திருப்பிக் கேட்பேன். அதைப் பார்க்காமல் பழைய கட்டுரைகளை ஒப்பிடுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே.

பிட்யூட்டரி அகற்றிய இளம் எலிக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் சினைப்பையின் எடை கூடும். 1940-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். முட்டை வளரும் நுண்பைகளுக்குள், முட்டையைச் சூழ்ந்த கிரானுலோசா செல்கள் பெருகுவதால் வரும் எடை அது. பிட்யூட்டரி உள்ள வளர்ந்த எலிக்கு அதையே வாரக்கணக்கில் கொடுங்கள்: சினைப்பையைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்களான எஃப்எஸ்எச், எல்எச் சுரப்பு அடங்கும், முட்டை வெளிவருவது நிற்கும், சினைப்பை பொதுவாகச் சிறுக்கும். இரண்டு முடிவும் சரிதான். கேள்விதான் வேறு.

அடுத்தது தராசு மேசை. எலியின் சினைப்பை சில பத்து மில்லிகிராம்தான். சிறு திராட்சைக் குலைபோல, மஞ்சள் கொழுப்புக்குள் புதைந்திருக்கும். சினைக்குழாயின் சுருளும் ஒட்டிக்கொண்டே வரும். ஐந்து மில்லிகிராம் கொழுப்பு மிஞ்சினாலே ஹார்மோனின் விளைவு அதில் மூழ்கிவிடும். உப்புநீரில் நனைத்த வடிதாளில் வைத்து, லென்ஸின் கீழ் சுத்தம் செய்து, ஈரத்தை ஒற்றி, உடனே நிறுக்க வேண்டும். மே மாதப் புழுக்கத்தில் மின்விசிறியை நிறுத்த யாருக்கும் மனம் வராது. நிறுத்தித்தான் ஆக வேண்டும்: காற்றில் திசு காய்கிறது, தராசின் கடைசி இலக்கமும் ஆடுகிறது.

எடையை உடல் எடையால் வகுத்து மட்டும் எழுதாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் பசியைக் குறைக்கும், எலி மெலியும். மாறாத சினைப்பைகூட வளர்ந்ததுபோல் கணக்கில் தெரியும். இரண்டு எண்ணையும் கொடுங்கள்.

தீவனத்தில் சோயா இருந்தால் அதிலுள்ள ஜெனிஸ்டீன் என்ற பொருளும் ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும். மூட்டையின் சீட்டைப் படியுங்கள். ஹார்மோனை நல்லெண்ணெயில் கரைத்தால், ஹார்மோன் கொடுக்காத ஒப்பீட்டு எலிகளுக்கும் அதே எண்ணெய், அதே அளவு, அதே நாட்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி எலி வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

பலர் மறப்பது இனப்பெருக்கச் சுழற்சியின் நாள். எலிக்கு அது 4 அல்லது 5 நாள்; நாளுக்கு நாள் சினைப்பையின் உள்ளமைப்பு மாறும். எந்தக் கட்டம் என்று அறிய, தினமும் காலையில் ஒரே நேரத்தில் யோனிக் கசிவை ஸ்லைடில் தடவிப் பாருங்கள். ஒப்பீட்டு எலிகளை எல்லாம் ஒரே கட்டத்தில் அறுங்கள், உதாரணத்துக்கு டையீஸ்ட்ரஸ் என்ற ஓய்வுக் கட்டத்தில்.