ஓடையில் நின்றுபோன வண்டி

ஜவ்வாது மலையில் ஓடையைக் கடக்கும்போது என் 150 சிசி வண்டி வழுக்கிச் சாய்ந்து, தண்ணீர் குடித்து நின்றுவிட்டது. செல்ஃப் பட்டனைத் தொடவே இல்லை. தண்ணீர் காற்றைப்போல அமுங்காது. சிலிண்டருக்குள் அது இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும்.

எடை குறைந்த வண்டி என்பதால் தனி ஆளாகவே கரையேற்ற முடிந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாக மிதித்தேன். பிளக் துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் புஸ்ஸென்று பீய்ச்சியது. பத்துப் பன்னிரண்டு மிதிக்குப் பிறகுதான் வெறும் காற்று வந்தது.

ஃபோம் ஏர் ஃபில்டரை உள்ளங்கையில் அமுக்கிப் பிழிந்தேன். துணிபோல முறுக்கினால் கிழியும். கார்புரேட்டர் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, தேங்கியதை வடித்தேன். அப்புறம் இன்ஜின் ஆயில் பார்த்தேன்: தண்ணீர் கலந்தால் வரும் பால் டீ நிறம் இல்லை, நல்லவேளை. பிளக்கைத் துடைத்து மாட்டியதும் நாலாவது உதையில் உயிர் வந்தது. இருந்தாலும் அன்று இரவே ஆயிலை மாற்றிவிட்டேன்.