"நான் அவர் மகன்" என்றால் போதுமா? மருத்துவ ரகசியம் விஷயத்தில் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

ஐசியு வாசலில் நர்ஸைக் கேட்டால் டாக்டரைக் கேளுங்கள் என்பார். டாக்டரோ, "அவர் சம்மதிக்காமல் சொல்ல முடியாது" என்பார். "பெற்ற பிள்ளைக்கே சொல்ல மாட்டீர்களா?" என்று அங்கேயே சண்டை ஆரம்பிக்கும். சட்டம் பேசுகிறது என்று பயந்து பேசாமல் வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. சண்டை போடுகிறவர், திரும்பிப் போகிறவர் இரண்டு பேருமே சட்டத்தைத் தப்பாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

உறவு என்பதே உரிமை என்று நினைப்பது முதல் தவறு. வயதுக்கு வந்து, சுயமாக முடிவெடுக்கும் நிலையில் உள்ளவரின் மருத்துவத் தகவல் அவருக்குரியது. கணவன், மனைவி, மூத்த மகன் என்பதாலோ பில் கட்டுவது நாம்தான் என்பதாலோ அது நம் கைக்கு வந்துவிடாது. பிள்ளைகள் விஷயத்திலும் அப்படித்தான். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் பிள்ளைக்கு 18 வயது ஆகிவிட்டால் பெற்றோர் சட்டப்படி வெளியாள். இங்கிலாந்தில் 16 வயதிலேயே சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். அதற்கும் குறைந்த வயதுப் பிள்ளைக்கு விஷயம் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்தால் அதன் முடிவை மதிக்கலாம் என்று 1985இல் கில்லிக் வழக்கில் தீர்ப்பானது.

அடுத்தது இதற்கு நேர் எதிரான தவறு: சட்டம் எல்லார் வாயையும் கட்டிவிட்டது என்று நம்புவது. நோயாளிகளின் மருத்துவத் தகவலைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா (HIPAA) சட்டம் 1996இல் வந்தது. அதன் ரகசிய விதிகளை 2003இலிருந்து மருத்துவமனைகள் பின்பற்றியாக வேண்டும் என்றானது. அதன் பேரைச் சொல்லி ஊழியர்களே தேவையில்லாமல் கதவைச் சாத்துவது உண்டு. ஆனால் நோயாளி சரி என்றாலோ, கேட்டபோது மறுக்காமல் இருந்தாலோ, அவரைக் கவனித்துக்கொள்ளும் உறவினரிடம் அதற்கு வேண்டிய அளவு பேச அதே விதி இடம் தருகிறது. அதற்குக் கையெழுத்துப் போட்ட படிவம்கூடத் தேவையில்லை. நினைவிழந்து கிடப்பவர் என்றால், அவர் நன்மைக்கு எது சரி என்று டாக்டரே தீர்மானித்துச் சொல்லலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். "சொல்லலாம்" என்றுதான் விதி இருக்கிறது, "சொல்லியே ஆக வேண்டும்" என்று இல்லை. எனவே கவுண்டரில் சட்டம் பேசிப் பயனில்லை. நோயாளியின் வாயாலேயே "இவரிடம் சொல்லுங்கள்" என்று ஒரு வார்த்தை வாங்குவதுதான் வேலைக்கு ஆகும்.

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே பெரிய தவறு இது: "அவர்கள் எதுவும் சொல்லமாட்டார்கள்" என்பதால் நாமும் எதுவும் சொல்லாமல் இருந்துவிடுவது. ரகசியச் சட்டம் டாக்டரின் வாய்க்குத்தான், காதுக்கு இல்லை. "நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், நான் சொல்வதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று ஆரம்பிக்கலாம். அப்பா இரண்டு வாரமாக மாத்திரையை விட்டுவிட்டார், ராத்திரி விழுந்தார், குடிக்கவில்லை என்று அவர் சொல்வது பொய், செத்துவிடலாம் போலிருக்கிறது என்று நேற்றுச் சொன்னார் என்பதெல்லாம் சிகிச்சையையே மாற்றக்கூடியவை. மனநலப் பிரச்சினையில் வீட்டார் கண்ணுக்குப் படுவது பல நேரம் டாக்டர் கண்ணுக்குப் படாது. ஆனால் நீங்கள் சொன்னது கோப்பில் ஏறலாம், பின்னால் நோயாளியே அதைப் படிக்கவும் நேரலாம். அதை மனதில் வைத்துப் பேசுங்கள். போனில் முடியாவிட்டால் கடிதமாக எழுதிக் கொடுத்துவிடலாம்.

யாரிடம் சொல்லலாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்காமல் விடுவதும் பிற்பாடு வினையாகும். இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, வயதுக்கு வந்த எவரும் தனக்கு ஒரு பிரதிநிதியை வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்து நியமிக்கலாம். அவ்வளவுதான் சடங்கு. மற்ற நாடுகளிலும் பெயர் வேறாக இருந்தாலும் இப்படி ஏற்பாடுகள் உண்டு. நாலு பேரும் தனித்தனியாக டாக்டரைத் துரத்தாமல், பேசுவதற்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் குறையும்.

"அவரிடம் சொல்லிவிடாதீர்கள் டாக்டர், தாங்கமாட்டார்." இதைப் பாசத்தில்தான் கேட்கிறோம். ஆனால் உரிமை தலைகீழாகிவிடுகிறது. தகவலுக்குச் சொந்தக்காரர் அறைக்குள் படுத்திருக்க, வராந்தாவில் நிற்பவர்கள் அதைப் பங்கு போடுகிறார்கள். எனக்குத் தெரிய வேண்டாம், என் மகளிடம் பேசுங்கள் என்று நோயாளியே சொல்லலாம். அவருக்காக நாம் அப்படி முடிவு செய்வது வேறு விஷயம். அதோடு, எதற்கு என்றே தெரியாமல் கீமோதெரபிக்கு ஒருவர் சம்மதம் தருவது எப்படி?

விதிவிலக்கே கிடையாதா என்றால், உண்டு. ஆனால் குறுகலானது. இந்தியாவின் 2017 எச்ஐவி சட்டம், ஒருவரின் எச்ஐவி நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்கிறது. இணையருக்குத் தொற்றும் ஆபத்து இருந்து, ஆலோசனை சொன்ன பிறகும் அவர் தானாகச் சொல்லமாட்டார் என்று தெரிந்தால், "நான் சொல்லப்போகிறேன்" என்று அவரிடமே தெரிவித்துவிட்டு டாக்டரோ ஆலோசகரோ இணையரிடம் சொல்லலாம். இணையரிடம் மட்டும்தான், மாமனாரிடம் அல்ல. பரம்பரை நோய் இன்னும் சிக்கல். தந்தைக்கு ஹன்டிங்டன் நோய் (பிள்ளைகளுக்கும் வரக்கூடிய மூளை நோய்) இருப்பதைக் கர்ப்பிணியான தனக்குச் சொல்லவில்லை என்று இங்கிலாந்தில் ஒரு பெண் வழக்குப் போட்டார். தந்தை சொல்ல வேண்டாம் என்றிருந்தார். மகளின் நலனையும் எடைபோட்டுப் பார்க்கும் கடமை டாக்டர்களுக்கு உண்டு என்று 2020இல் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் வழக்கில் அவர் ஜெயிக்கவில்லை.

தெரிந்த பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதும் ஒன்று. ஹிப்பா மருத்துவமனையையும் காப்பீட்டு நிறுவனத்தையும் கட்டுப்படுத்தும், குடும்ப வாட்ஸ்அப் குழுவை அல்ல. ரிப்போர்ட்டைப் படமெடுத்து அங்கே போடும் சித்தப்பாவை அந்தச் சட்டம் தொடாது.

இறந்த பிறகு எல்லாம் திறந்துவிடும் என்பதும் தவறான நினைப்பு. அமெரிக்க விதிப்படி ஒருவர் இறந்து 50 ஆண்டுகள் வரை பாதுகாப்பு தொடர்கிறது. கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டவர்களிடம் வேண்டியதைச் சொல்ல 2013இல் வந்த திருத்தம் வழிவிட்டது. வேண்டாம் என்று அவர் உயிரோடிருக்கும்போதே சொல்லியிருந்தால் அதுவும் இல்லை.