பெட்டியில் எழுதிய சிசி எண்ணை நம்பி இன்ஜெக்டர் வாங்காதீர்கள்

டர்போ காரில் கை வைப்பவர்கள் முதலில் இன்ஜினுக்குள் அதிகக் காற்றைத் திணிக்கும் பெரிய டர்போ வாங்குவார்கள். அடுத்து இன்டர்கூலர், அப்புறம் சத்தத்துக்காக எக்ஸாஸ்ட். கையிருப்பு கரைந்த பிறகுதான் பெட்ரோல் நினைவுக்கு வரும். காற்றைக் கூட்டினால் பெட்ரோலையும் கூட்டியாக வேண்டும். கூட்டாவிட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து, நாக்கிங் (கலவை நேரம் தப்பித் தானாக வெடிப்பது) ஆரம்பித்து, பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து போகும். டர்போவில் மிச்சம் பிடித்ததையும் சேர்த்து இன்ஜின் வேலைக்குக் கட்ட வேண்டி வரும்.

பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் அளவைக் கண்டுபிடிக்கும் கணக்கு சிரமமானதல்ல. டர்போ பெட்ரோல் இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 0.6 பவுண்டு பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். நிமிடக் கணக்கில் அது ஏறக்குறைய 6.3 சிசி (மில்லி லிட்டர்). 300 குதிரைத்திறன் வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 1890 சிசி. நான்கு சிலிண்டருக்குப் பிரித்தால் தலைக்கு 472. இன்ஜெக்டரை 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்து வைக்காமல் இருப்பது நல்லது என்பதால், அதை 0.8-ஆல் வகுத்தால் 590. ஆக, 600 சிசி ரகம். இவ்வளவுதான். ஆனால் இந்தக் கணக்கில் வரும் ஒவ்வொரு எண்ணையும் தப்பாகப் போட வழியிருக்கிறது.

எந்த 300?

காரை டைனோவில் (சக்தி அளக்கும் கருவியில்) ஏற்றி எடுத்த எண் சக்கரத்துக்கு வந்து சேரும் சக்தி. கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் தின்றது போக மிஞ்சியது அது. பெட்ரோலை எரிப்பதோ இன்ஜின். பின்சக்கர இயக்கக் காரில் 15 சதவீதம் வழியில் போகிறது என்று எடுத்துக்கொண்டால், சக்கரத்தில் 300 காட்ட இன்ஜின் 350 தர வேண்டும். அப்போது 600 சிசி போதாது, 690 தேவை. டைனோ எண்ணை அப்படியே கணக்கில் போட்டவருக்கு, வாங்கும் நாளிலேயே இன்ஜெக்டர் சிறிதாகிவிட்டது.

அடுத்தது அந்த 80 சதவீதம். 7000 ஆர்பிஎம்மில் இன்ஜின் ஒரு முழுச் சுற்றை, அதாவது நான்கு ஸ்ட்ரோக்கையும், முடிக்க 17 மில்லி விநாடிதான் ஆகிறது. இன்ஜெக்டர் திறக்கவும் மூடவும் அதற்குள்ளேயே நேரம் வேண்டும். 90-ஐத் தாண்டினால் பல இன்ஜெக்டர்கள் சரியாக மூடாமலேயே அடுத்த முறை திறக்கத் தொடங்கும். எவ்வளவு பெட்ரோல் போகிறது என்பது இன்ஜினை ஆளும் கணினியான இசியூவின் கையில் இராது.

நிசான் சில்வியா எஸ்14-இல் வந்த எஸ்ஆர்20டெட் இன்ஜினைப் பாருங்கள். 220 பிஎஸ் (217 குதிரைத்திறன்), 370 சிசி இன்ஜெக்டர்கள். மேலே சொன்ன கணக்கில் போட்டால், ஆலையிலிருந்து வரும்போதே அவை 92 சதவீதம் திறந்திருக்க வேண்டும். நிசான் அதைச் சோதித்துப் பார்த்து விற்றது, சரி. ஆனால் அதன் மேல் பூஸ்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) ஏற்றுகிறவருக்கு இன்ஜெக்டரில் ஒட்டிக்கொள்ள இடமே இல்லை. "கொஞ்சம்தானே பூஸ்ட் ஏற்றினேன்" என்ற பேச்சு அந்த இன்ஜினிடம் எடுபடாது.

எந்த அழுத்தத்தில் அளந்தது?

என்னைக் கேட்டால், பணம் அதிகம் வீணாவது இங்கேதான். இன்ஜெக்டரின் சிசி எண் தனியாக நின்றால் அதற்குப் பொருளில்லை. பெரும்பாலும் 3 பார் அழுத்தத்தில் அளந்து எழுதுவார்கள். சிலர் 4 பாரில் அளந்து எழுதுகிறார்கள். அழுத்தம் ஏறினால் ஓட்டமும் ஏறும், ஆனால் வர்க்கமூலக் கணக்கில்தான். 3 பாரில் 550 தரும் இன்ஜெக்டர் 4 பாரில் 635 தரும். ஆகவே ஒரு கடையின் 550-உம் இன்னொரு கடையின் 635-உம் ஒரே இன்ஜெக்டராக இருக்கலாம். விலை மட்டும் வேறாக இருக்கும்.

இங்கே அழுத்தம் என்றால் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயில்) காட்டும் எண் மட்டுமல்ல. ரெயிலுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்க்கும்) உள்ள வித்தியாசம். இன்ஜெக்டரின் மூக்கு மேனிஃபோல்டுக்குள் இருக்கிறது, அங்கே பூஸ்ட் எதிர்த்துத் தள்ளுகிறது. ரெயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் மேனிஃபோல்டிலிருந்து ஒரு சிறு ஹோஸ் வந்து சேர்வது இதற்காகத்தான். பூஸ்ட் 1 பார் ஏறினால் ரெயிலிலும் 1 பார் ஏறும், வித்தியாசம் மாறாது. மிஞ்சிய பெட்ரோலை ரெயிலிலிருந்து டாங்கிக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் இல்லாத பல கார்களில் ரெகுலேட்டர் டாங்கிக்குள் இருக்கும், அதற்குப் பூஸ்ட் பற்றி எதுவும் தெரியாது. ரெயிலில் நிலையாக 3 பார், மேனிஃபோல்டில் 1 பார் பூஸ்ட் என்றால் மிஞ்சுவது 2 பார். இன்ஜெக்டர் தன் அளவில் 18 சதவீதத்தை அங்கேயே இழக்கிறது, அதுவும் அதிகம் தேவைப்படும் நேரத்தில்.

இன்ஜெக்டர் மாற்றச் சோம்பல்பட்டு ரெயில் அழுத்தத்தைத் திருகி ஏற்றுகிறவர்களும் உண்டு. 3-லிருந்து 4 பாருக்குப் போனால் கிடைப்பது 15 சதவீதம். பதிலுக்குப் பம்பின் மூச்சு வாங்கும். சின்னக் குறையைச் சரிக்கட்ட உதவும், பெரிய டர்போவுக்கு ஆகாது.

பம்பின் 255

கடைகளில் அதிகம் கேட்கும் எண் 255. மணிக்கு 255 லிட்டர், வால்ப்ரோ பம்ப். அந்த எண்ணும் ஏறக்குறைய 3 பார் அளவில் சொல்வதுதான். அழுத்தம் ஏற ஏற பம்பின் ஓட்டம் இறங்கும். இன்ஜெக்டருக்கு நேர்மாறு. அடிப்படை 3 பார், பூஸ்ட் 1.5 பார் என்றால் பம்ப் 4.5 பாரை எதிர்த்துத் தள்ள வேண்டும். அங்கே அதே 255 பம்ப் 200 லிட்டரை ஒட்டித்தான் தரும். நம் 300 குதிரைத்திறன் கணக்கில் 1890 சிசி என்றால் மணிக்கு 113 லிட்டர். 20 சதவீதம் கூடுதலாக வைத்தாலும் 136. அதற்குத் தாராளம். 400-க்குப் போனால் 181, ஏறக்குறைய எல்லைக்கு வந்துவிட்டோம். ஆகவே பம்பின் விளம்பர எண்ணைப் பார்க்காதீர்கள், அழுத்தத்துக்கு எதிரே ஓட்டம் போட்ட வரைபடத்தைக் கேளுங்கள். போலி வால்ப்ரோ பம்புகள் நிறையப் புழங்குகின்றன. விலை பாதியாக இருந்தால் பம்பும் பாதி என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அந்த வரைபடத்தின் மூலையில் பொடி எழுத்தில் 13.5 வோல்ட் என்று இருக்கும். பலரும் கவனிக்காத விஷயம் இதுதான். பழைய காரின் மெல்லிய ஒயர், துருப்பிடித்த எர்த், சூடேறிய கனெக்டர் எல்லாவற்றையும் தாண்டி பம்புக்குப் போய்ச் சேர்வது 12-ஆகவோ அதற்கும் கீழாகவோ இருக்கலாம். அந்த ஒன்றரை வோல்ட்டில் ஓட்டம் ஆறில் ஒரு பங்கு போய்விடும். பெரிய பம்ப் மின்சாரத்தையும் அதிகம் இழுப்பதால் பழைய ஒயரில் இழப்பு இன்னும் கூடும். பெரிய பம்ப் போட்டும் அழுத்தம் விழுகிறது என்று மூன்றாவது பம்ப் வாங்கப் போகிறவர், முதலில் இன்ஜின் ஓடும்போது பம்ப் கனெக்டரில் மீட்டர் வைத்துப் பார்க்கட்டும். பேட்டரியிலிருந்து நேராக ஃப்யூஸ், ரிலேயுடன் தடித்த ஒயர் இழுத்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

மறுபக்கத் தவறும் உண்டு. அளவுக்கு மீறிய பம்ப் போட்டால், ஐடிலிங்கில் தேவைக்கு மேல் வருவதெல்லாம் ரிட்டர்ன் லைன் வழியாகத் திரும்ப வேண்டும். அந்தக் குழாய் ஒல்லியாக இருந்தால் ரெகுலேட்டர் முழுதாகத் திறந்தாலும் அழுத்தம் இறங்காது. டாங்கியும் சூடாகும்.

பெரிது என்பதால் நல்லதல்ல

இன்ஜெக்டர் திறக்கவே ஏறக்குறைய 1 மில்லி விநாடி எடுக்கும். பேட்டரி வோல்ட் குறைந்தால் இன்னும் அதிகம். ஐடிலிங்கில் பெரிய இன்ஜெக்டர் மிகச் சிறிய நேரமே திறக்க வேண்டியிருப்பதால், ஓட்டம் கணக்குக்கு அடங்காத பகுதிக்குள் விழுந்துவிடும். கார் நின்ற இடத்தில் தள்ளாடும், பெட்ரோல் வாடை அடிக்கும். பழைய 1000 சிசி இன்ஜெக்டர்கள் இதற்குப் பேர்போனவை. இன்றைய நல்ல இன்ஜெக்டர்கள் அதே அளவில் சாதுவாக ஓடும். ஆனால் அவற்றின் திறப்பு நேர அட்டவணை, வோல்ட் வாரியாக, ட்யூனர் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் வரும் மலிவு செட் எனக்கு வேண்டாம்.

ஓம் அளவையும் பார்த்துவிடுங்கள். 12 ஓமுக்கு மேலிருப்பவை சாதாரண இசியூவில் ஓடும். 2, 3 ஓம் ரகத்தை நேராக மாட்டினால் இசியூவில் இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் சர்க்யூட் எரிந்துபோகலாம்.

எரிபொருளும் கணக்கை மாற்றும். இந்தியாவில் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் இ20-க்கு (20 சதவீதம் எத்தனால் கலந்தது), சுத்தப் பெட்ரோலைவிட ஏழெட்டு சதவீதம் அதிக ஓட்டம் வேண்டும். பழைய கணக்கில் 80-இல் நின்ற இன்ஜெக்டர் இப்போது 86-இல் நிற்கும். 85 சதவீதம் வரை எத்தனால் உள்ள இ85 பயன்படுத்த ஆசைப்பட்டால் 30 சதவீதத்துக்கு மேல் கூட்ட வேண்டும், அதைத் தாங்கும் பம்பும் ஹோஸும் தனி.

பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அங்கே கேம்ஷாஃப்ட் ஓட்டும் உயர் அழுத்தப் பம்ப்தான் பெரும்பாலும் முதலில் மூச்சு வாங்கும்.

எல்லாம் மாட்டிய பிறகு, கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரோடு ரெயில் அழுத்தத்தையும் பூஸ்டையும் ஒரே லாகில் பதிந்து, முழு ஆக்ஸிலரேட்டரில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். மேல் ஆர்பிஎம்மில் ரெயிலுக்கும் பூஸ்டுக்கும் உள்ள இடைவெளி சுருங்கினால் பம்ப், ஒயர், ஃபில்டர் பக்கம் தேடுங்கள். இடைவெளி அசையாமல் இருந்து, டியூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் சதவீதம்) 90-ஐத் தொட்டு, கலவை மட்டும் மெலிந்தால் இன்ஜெக்டர் போதவில்லை. அந்த இடத்திலேயே காலை எடுத்துவிடுங்கள், ரெட்லைன் வரை போய்ப் பார்க்க வேண்டாம்.