இடிக்கப்பட்ட லீட்ஸ் வரிசை வீட்டின் வரலாற்றைத் தேடி எடுப்பது எப்படி

இடிபட்ட வீட்டைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் குடியிருந்தவர் பெயரில் தொடங்கிவிடுகிறார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் மாதிரி ஊரில் அது நேரத்தைத் தின்னும். தெருப் பெயர் மாறியிருக்கும், கதவு எண் மாறியிருக்கும். ஹேரால்ட் என்ற ஒரே பெயரில் அவென்யூ, குரோவ், மவுண்ட், டெரஸ், வியூ, வாக் என்று அடுத்தடுத்துத் தெருக்கள் இன்றும் இருக்கின்றன. மாறாதது மனை ஒன்றுதான். முதலில் அதைப் பிடித்துவிட்டு, கடைசி ஆண்டிலிருந்து பின்னோக்கிப் போங்கள்.

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்தின் ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த 1:1250 அளவிலான தாளை எடுங்கள். கதவு எண்கள் அதில் அச்சாகியிருக்கும். பக்கத்திலேயே இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் வைத்துப் பார்க்கலாம். இடிபடாமல் நிற்கும் தேவாலயமோ பள்ளியோ ரயில் பாதையோ இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது 1890 வாக்கில் வந்த 1:500 தாள். விளக்குக் கம்பம்கூடக் குறித்திருக்கும். கட்டிய காலத்தை வரிசையின் வடிவமே ஓரளவு சொல்லிவிடும். லீட்ஸ் தொழிலாளர் வீடுகளில் பெரும்பங்கு பேக்-டு-பேக்: மூன்று சுவர் அண்டை வீடுகளுக்குப் பொது, கதவும் சன்னலும் முன்பக்கம் மட்டும். இடைவெளியின்றி நீளும் வரிசை பெரும்பாலும் 1866க்கு முந்தையது. அந்த ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு எட்டு வீடுகள் ஒரு தொகுதி, நடுவில் கழிப்பறை முற்றம் என்று ஆனது. 1909இல் நாடு முழுக்க இவ்வகை வீட்டுக்குத் தடை வந்தும், முன்பே அனுமதி பெற்ற திட்டங்களைக் காட்டி லீட்ஸில் 1937 வரை கட்டினார்கள். ஆகவே தடைச் சட்டத்தை வைத்து வயதைக் கணிக்க வேண்டாம். இன்னொன்று: முதுகுச் சுவருக்கு அந்தப்புறம் உள்ள வீடு வேறு தெருவின் பெயரில் இருக்கும். இரண்டு தெருவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1851 முதல் 1901 வரையிலான ஏடுகளில் இடது ஓரத்தில் இருப்பது படிவ வரிசை எண். கதவு எண் அல்ல. அதற்கு அடுத்த பத்தியில் தெருப் பெயரோடு இருந்தால்தான் அது கதவு எண், 1841இல் அதுவும் அரிது. பெயர்களுக்கு முன் இரட்டைச் சாய்கோடு இருந்தால் புது வீடு. ஒற்றைக் கோடு என்றால் அதே வீட்டில் இன்னொரு குடும்பம். 1891, 1901 ஏடுகளில் ஐந்து அறைக்குக் குறைந்த வீட்டுக்கு மட்டும் அறை எண்ணிக்கை இருக்கும். 1911இல் எல்லா வீட்டுக்கும் உண்டு. சமையலறையைச் சேர்த்து எண்ணுவார்கள், பாத்திரம் கழுவும் அறையைச் சேர்க்க மாட்டார்கள். 1931 ஏடுகள் 1942 தீயில் போய்விட்டன, 1941இல் கணக்கெடுப்பே இல்லை. அந்த இடைவெளிக்கு 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த தேசியப் பதிவேடுதான் கதி.

கணக்கெடுப்புகளுக்கு நடுவிலான ஆண்டுகளுக்கு, தெருவாரியாகக் குடியிருந்தவர்களைப் பட்டியலிட்ட கெல்லி போன்ற தெரு அகராதிகள். கதவு எண்களுக்கு நடுவே குறுக்குத் தெருக்களையும் அச்சிட்டிருப்பார்கள். எண் மாறிய தெருவில், எந்த முனையிலிருந்து எத்தனையாவது வீடு என்று கணக்கிட அதுதான் ஒரே பிடி. ஆனால் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். ஏழைகள் வாழ்ந்த முற்றங்களை அடியோடு விட்டுவிடுவதும் உண்டு.

இடித்த கதைக்கு நகராட்சியின் கட்டாயக் கொள்முதல் ஆணையைக் கேளுங்கள். மேற்கு யார்க்‌ஷயர் ஆவணக் காப்பகத்தில் விசாரிக்கலாம். ஆணையோடு உள்ள வரைபடத்தில் இளஞ்சிவப்பு என்றால் குடியிருக்கத் தகாத வீடு. சாம்பல் என்றால் வீட்டில் குறை சொல்லாமல், இடம் தேவை என்று சேர்த்தது. உரிமையாளர், குடியிருப்பவர் பெயர்கள் இணைப்புப் பட்டியலில் இருக்கும். ஆணைத் தேதியை இடித்த தேதியாக எழுதிவிடாதீர்கள்: விசாரணை, ஒப்புதல், மறுகுடியேற்றம் என்று ஆண்டுகள் ஓடியிருக்கும். வாக்காளர் பட்டியலில் பெயர் கடைசியாக வரும் ஆண்டைப் பாருங்கள். அதிலும் ஒரு விலகல் உண்டு: 1950களில் பிப்ரவரியில் அமலாகும் பட்டியல் முந்தைய அக்டோபர் 10 நிலவரத்தைத்தான் காட்டும்.

புகைப்படத்துக்கு லீட்ஸ் நூலகங்களின் லியோடிஸ் தளம். படக்குறிப்பை அப்படியே நம்பாமல், மூலைக் கடையின் பெயர்ப் பலகையை அந்த ஆண்டு அகராதியோடு ஒப்பிட்டு, அங்கிருந்து கதவுகளை எண்ணுங்கள்.

உள்ளே எப்படி இருந்தது என்று அறிய, லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் 1910 நில மதிப்பீட்டுக் களஏடு, ஐஆர் 58 வரிசை. முதலில் அதற்கான வரைபடத்தில் மனையின் எண்ணைக் கண்டுபிடித்தால்தான் சரியான ஏட்டைக் கேட்டு வாங்க முடியும்.